கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கார்ட்டூன் வந்த வழி: எல்லையோரக் கண்ட்ரோல் ரூம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

குழந்தைகள் சேனல்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொடக்க நாட்களை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். 1979இல் அமெரிக்காவில் நிக்கலோடியன், 1992இல் கார்ட்டூன் நெட்வொர்க், 1995இல் அதே சேனல் இந்தியாவில், 2007இல் தமிழில் சுட்டி டிவி. தேதிகள் சரிதான். ஆனால் செயற்கைக்கோளில் ஏறிய அன்றே ஒரு சேனல் நம் கூடத்துக்கு வந்துவிடவில்லை. நடுவில் கேபிள்காரரின் கண்ட்ரோல் ரூம் என்று ஒன்று இருந்தது. எந்தச் சேனல், எத்தனையாவது நம்பரில், எந்த மொழியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்பதையெல்லாம் செட்டாப் பாக்ஸ் வருவதற்கு முந்தைய அனலாக் காலத்தில் அங்கேதான் முடிவு செய்தார்கள்.

இந்த ஆய்வு அப்படி ஒரு கண்ட்ரோல் ரூமைப் பற்றியது. இடம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊர். காலம், 1990களின் பின்பாதியிலிருந்து 2021 வரை. படிக்கிற காலத்தில் சாயங்கால வேளைகளில் நான் அங்கே உதவிக்கு இருந்தேன். பிறகும் அந்த அறையோடு தொடர்பு விட்டுப்போகவில்லை. நடத்தியவரைக் கேபிள்கார அண்ணன் என்றே இங்கே சொல்கிறேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். எல்லைப் பகுதிப் பிள்ளைகள் எந்த மொழியில் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தார்கள் என்பதில் சேனல் நிறுவனங்கள் இருந்த அட்லாண்டாவுக்கும் மும்பைக்கும் சென்னைக்கும் இருந்த பங்கைவிட அந்தக் கண்ட்ரோல் ரூமின் பங்கு பெரியது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஊரும் மொழியும்

சித்தூர் தாலுகா (ஆந்திரத்துச் சித்தூர் வேறு) பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1இல் கேரளம் உருவானபோது அதனோடு இருந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையை ஒட்டிப் போகும் ஊர்களில் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் கொங்குத் தமிழ். பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணிக்கடைக்கும் பொள்ளாச்சி. அரசுப் பள்ளிகளில் தமிழ் வழிப் பிரிவுகள் இருக்கின்றன. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது. தமிழ் வீடும் மலையாள வீடும் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே கேபிள் வயர்.

கேபிள் வருவதற்கு முன்னால் ஆன்டெனாதான் மொழியைத் தீர்மானித்தது. கம்பத்தைக் கொடைக்கானல் பக்கம் திருப்பினால் சென்னைத் தூர்தர்ஷன், மேற்கே திருப்பினால் திருவனந்தபுரம். பிள்ளைகளுக்கென்று இருந்தது சொற்பம். சென்னையிலிருந்து வந்த 'கண்மணிப் பூங்கா', ஞாயிற்றுக்கிழமை காலையில் டெல்லியிலிருந்து வந்த இந்திக் கார்ட்டூன்கள், அவ்வளவுதான். இந்தி யாருக்கும் புரியாது. ஆனாலும் பார்த்தோம்.

அந்த அறைக்குள் என்ன இருந்தது

1995ஆம் வருஷத்துக் கேபிள் டிவிச் சட்டத்தின்படி தலைமைத் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டால் ஒருவர் கேபிள் நடத்தலாம் என்பது அன்றைய முறை. மொட்டை மாடியில் டிஷ்கள். கீழே அறையில் ஒரு இரும்பு ரேக். அதில் சேனலுக்கு ஒரு ரிசீவர், சேனலுக்கு ஒரு மாடுலேட்டர். ரிசீவர் வானத்திலிருந்து வந்ததைப் படமாகவும் ஒலியாகவும் பிரித்துக் கொடுக்கும். மாடுலேட்டர் அதை ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ஏற்றும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வயரில் தெருவுக்கு அனுப்புவார்கள். ஒரு சேனலைக் கூட்டுவதென்றால் ஒரு மாடுலேட்டர் வாங்க வேண்டும். கட்டணச் சேனல் என்றால் மாதாமாதம் காசும் கட்ட வேண்டும். ஆகவே புதுச் சேனல் ஒவ்வொன்றும் ஒரு செலவுக் கணக்கு.

அடுத்த சிக்கல் இடம். அன்றைக்கு ஊரில் பாதி வீடுகளில் சாலிடேர், டயனோரா மாதிரிப் பழைய டிவிகள். அவற்றில் வி.எச்.எஃப். என்கிற அலைவரிசைப் பட்டையில் வரும் கொஞ்சம் சேனல்கள்தான் தெளிவாகத் தெரியும். அதற்கு வெளியே எஸ் பேண்ட் என்கிற பகுதியில் போட்டால் புது டிவிக்காரர்களுக்கு மட்டும் நன்றாக வரும். பழைய பெட்டியில் புள்ளி புள்ளியாக இரையும், இல்லையென்றால் வரவே வராது. அந்த நல்ல பட்டையில் தூர்தர்ஷன் சேனல்களை, மாநில மொழிச் சேனல் உட்பட, கட்டாயம் தர வேண்டும் என்று சட்டமே சொன்னது. மிச்சமிருந்த இடத்தை சன், ஏஷியாநெட், சூர்யா என்று பெரியவர்கள் பார்ப்பவை எடுத்துக்கொண்டன. கார்ட்டூன் எஸ் பேண்டுக்குப் போனது. கூலி வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கார்ட்டூன் தெரியாமல், கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்ததற்குக் காரணம் இந்த அலைவரிசைக் கணக்குதான். பார்வையாளர் எண்ணிக்கை, தரவரிசை என்று பேசும் எந்த வரலாற்றிலும் இது வராது.

ஒரு சேனல், பகலுக்கு ஒன்று ராத்திரிக்கு ஒன்று

பிள்ளைகள் தூங்கிய பிறகு பிள்ளைகள் சேனல் என்ன செய்வது என்ற கேள்வி இந்தத் தொழிலில் முதலிலிருந்தே இருக்கிறது. செயற்கைக்கோளில் இடம் வாடகைக்கு எடுத்தால் 24 மணி நேரத்துக்கும் காசு. பார்க்கிற பிள்ளைகளோ எட்டு ஒன்பது மணிக்குப் படுத்துவிடும். 1977 டிசம்பரில் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்தில் கியூப் என்ற கேபிள் அமைப்பில் 'பின்வீல்' என்று குழந்தைகளுக்கான சேனல் தொடங்கியது. 1979 ஏப்ரல் 1இல் அது நாடு முழுக்கப் போகும் நிக்கலோடியனாக மாறியது. 1980களின் தொடக்கத்தில் நிக்கலோடியன் ராத்திரி நேரத்தை ஒரு கலைச் சேனலுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. அந்தச் சேனல் தனியாகப் பிரிந்து போனதும், 1985 ஜூலையிலிருந்து 'நிக் அட் நைட்' என்ற பெயரில் பழைய குடும்பத் தொடர்களைப் போட ஆரம்பித்தது. பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு அப்பா அம்மா பார்க்கட்டும் என்பது கணக்கு.

இந்தியாவுக்கு 1995 மே 1இல் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தபோதும் அதே ஏற்பாடுதான். பகலில் கார்ட்டூன், ராத்திரி டி.என்.டி. என்ற பெயரில் பழைய ஹாலிவுட் படங்கள். கார்ட்டூன் நெட்வொர்க்கைத் தொடங்கிய டெட் டர்னர் 1980களில் எம்.ஜி.எம். படங்களின் உரிமையை வாங்கி வைத்திருந்தார். 1991இல் ஹன்னா பார்பெரா கார்ட்டூன் நிறுவனத்தையும் வாங்கினார். இரண்டு கிடங்குச் சரக்கையும் ஒரே சேனலில் விற்றார்கள் என்று சொல்லலாம். 2001இல்தான் இரண்டும் பிரிந்து கார்ட்டூன் முழு நேரச் சேனலானது.

எங்கள் கண்ட்ரோல் ரூமில் இதே வேலை சின்ன அளவில் நடந்தது. மாடுலேட்டர்கள் குறைவு. அதனால் ஒரே நம்பரில் காலையில் கார்ட்டூன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் ஒரு பாட்டுச் சேனல். சாயங்காலம் மறுபடி கார்ட்டூன். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு மேலே லோக்கல் சேனல் என்ற பெயரில் விசிடியில் ஒரு படம். மாற்றுவதற்குக் கருவி எதுவும் கிடையாது. ரேக்குக்குப் பின்னால் கையை விட்டு ஒரு ரிசீவரிலிருந்து மஞ்சள் பின்னையும் வெள்ளை பின்னையும் உருவி இன்னொன்றில் சொருக வேண்டும். மஞ்சள் சரியாக உட்காராவிட்டால் படம் சுருளும். வெள்ளை உட்காராவிட்டால் தெருவே ஊமையாகிவிடும். கேரளத்தில் பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும். நாலேகாலுக்கு மாற்றாவிட்டால் வாசலில் பிள்ளைகள் வந்து நிற்கும். பைகூட இறக்கியிருக்க மாட்டார்கள். "அண்ணா, இன்னும் பாட்டே ஓடுது" என்பார்கள். டெலிபோன் அவர்கள் கைக்கு எட்டாது. ஆகவே நடந்து வந்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நிரல் வகுப்பது என்றால் மும்பையில் ஒரு ஆபீசில் அட்டவணை போடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த அட்டவணையில் மத்தியானம் இரண்டு மணிக்கு என்ன போட்டாலும் எங்கள் ஊருக்கு அது வந்ததே இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கார்ட்டூன் நெட்வொர்க் வேறு ஒரு சேனல். அதன் நிரலைப் போட்டவர் கேபிள்கார அண்ணன்.

எந்த மொழியில் விடுவது

ஒரு கார்ட்டூன் சேனல் வானத்திலிருந்து ஒரே படத்தோடு பல ஒலித்தடங்களைச் சுமந்து வரும். 2000களில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஆங்கிலம், இந்தியோடு தமிழும் தெலுங்கும் சேர்ந்தன. 2004இல் மட்டும் போகோ, ஹங்காமா, டிஸ்னி, டூன் டிஸ்னி என்று வரிசையாக வந்தன. டூன் டிஸ்னியில் தமிழும் தெலுங்கும் இருந்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அனலாக் மாடுலேட்டர் ஒரே ஒரு ஒலியைத்தான் ஏற்றும். ரிசீவரின் முகப்பில் ஆடியோ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி எந்தத் தடத்தில் நிறுத்துகிறோமோ அதுதான் அந்த வயரில் தொங்கும் அத்தனை வீட்டுக்கும்.

பொள்ளாச்சியில் இதில் பிரச்சினையே இல்லை, தமிழில் நிறுத்திவிடலாம். எல்லையில் இருக்கிற ஊரில் அப்படி முடியாது. அன்றைக்கு அந்தச் சேனல்களில் மலையாளம் கிடையாது. மலையாள வீடுகளில் சிலர் ஆங்கிலம் வை என்றார்கள். பிள்ளை இங்கிலீஷ் கற்றுக்கொள்ளும் என்ற ஆசை. தமிழ் வீடுகளில் தமிழ் வை என்றார்கள். கொஞ்ச நாள் ஆங்கிலம் ஓடியது. அண்ணன் என்ன செய்தார் என்றால், யாரையும் கேட்காமல் ஒரு கோடை விடுமுறையில் தமிழுக்கு மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்தார். சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தார். மலையாள வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. அங்கேயும் பிள்ளைகளுக்குத் தெருவில் விளையாடிப் பழகிய மொழிதானே தமிழ். ஆங்கிலம் கேட்டவர்கள் பெரியவர்கள்.

அந்த ஒரு பொத்தானின் விளைவைப் பிற்பாடு பார்த்தோம். மலையாள வழியில் படித்த பிள்ளைகள் சென்னையில் டப்பிங் பேசியவர்களின் தமிழைச் சரளமாகப் பேசினார்கள். கொங்குத் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் விளையாட்டில் அந்தத் தமிழுக்கு மாறினார்கள். "ஏனுங்" என்று பேசுகிற அமுச்சி, பேத்தி பேசுவதைக் கேட்டு, "யாரு கண்ணு உனக்கு இப்படிப் பேசச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். நல்லதா கெட்டதா என்று கேட்டால், நல்லது என்பேன். பள்ளியில் தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் குறைந்துகொண்டிருந்த காலம் அது. தினமும் இரண்டு மணி நேரம் தமிழ் ஒரு சந்தோஷமான விஷயமாக வீட்டுக்குள் வந்தது. அதைத் திட்டமிட்டுச் செய்த அரசாங்கம் எதுவும் இல்லை.

ஆந்திர எல்லையில், நகரி, புத்தூர்ப் பக்கம் இதே கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும். அங்கே தமிழும் தெலுங்கும் இரண்டுமே தடத்தில் இருந்தன. எங்கள் பக்கம் மலையாளம் இல்லாததால்தான் தமிழ் எளிதாக ஜெயித்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

2007 கோடை

2007 ஏப்ரல் 29இல் சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியது. தமிழில் முழுநேரக் குழந்தைகள் சேனல் அதுதான் முதல். பள்ளிகள் மூடியிருந்த நேரம். ஒலித்தடப் பிரச்சினை இதில் கிடையாது. படம், பாட்டு, விளம்பரம், நடுவில் பேசுகிற ஆள் எல்லாமே தமிழ். டோராவும் புஜ்ஜியும் அதில் வந்த பிறகு பள்ளிக்கூடப் பையில், பென்சில் டப்பாவில், பிறந்தநாள் கேக்கில் எல்லாம் அவர்கள்தான்.

அண்ணனிடம் சேனலைக் கேட்டு ஆள் வந்தது. வந்தவர்கள் அம்மாக்கள். அதற்கு முன்னால் பிள்ளைகள் சேனலுக்காக எந்தப் பெரியவரும் கண்ட்ரோல் ரூமுக்கு வந்ததில்லை. தமிழில் இருப்பதால் அவர்களும் கூட உட்கார்ந்து பார்த்தார்கள். சமையல் முடியும்வரை பிள்ளை ஓரிடத்தில் இருந்தது. அண்ணன் ஒரு இந்திச் செய்திச் சேனலை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் பழைய டிவியிலும் தெரியும் நம்பரில் சுட்டியைப் போட்டார். என் கணிப்பில் எங்கள் ஊரில் குழந்தைகள் தொலைக்காட்சி உண்மையாகத் தொடங்கியது அந்த வாரம்தான். 1995 அல்ல.

ஒரே வருஷத்தில் அதற்கும் சோதனை வந்தது. 2008 ஏப்ரல் 18இல் ஐபிஎல் ஆரம்பம். ராத்திரி எட்டு மணி ஆட்டம், கோடை விடுமுறை. கிரிக்கெட் சேனலுக்கு நல்ல நம்பர் வேண்டும் என்று இளவட்டங்கள் கேட்டார்கள். சாயங்காலம் ஆனால் சுட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிரிக்கெட். கேபிள் காசு கொடுப்பவர் சொல்வது நடக்கும், பிள்ளைகள் காசு கொடுப்பதில்லை என்பதுதான் அன்றைய நியாயம். எனக்கு அது அன்றும் பிடிக்கவில்லை. விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற ஒரே கூடுதல் நேரம் ராத்திரிதான், அதையே எடுத்தார்கள்.

சாயங்காலம் என்னும் குறுகிய நேரம்

ஒரு டிவி உள்ள வீட்டில் பிள்ளைகளின் நேரம் நாலேகாலிலிருந்து ஆறரை வரை. அதற்கு மேல் மெகா சீரியல். மலையாள இந்து வீடுகளில் ஆறு மணிக்கு விளக்கேற்றி நாமம் சொல்லும்போது டிவியை அணைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகள் மெல்ல நழுவிப் பக்கத்துத் தமிழ் வீட்டுக் கூடத்துக்கு வரும். சீரியல் தொடங்கும்வரை கிடைக்கும் கடைசி அரை மணி நேரம் அது.

சேனல்காரர்களுக்கு இந்தக் குறுகிய நேரம் நன்றாகத் தெரியும். ஒரு தொடரைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே நேரத்தில் போடுவது அதனால்தான். அமெரிக்காவில் இப்படித் தினசரி ஓட்டுவதற்காகவே 65 பாகம் எடுக்கும் வழக்கம் இருந்தது. வாரத்துக்கு 5 வீதம் 13 வாரம், அதாவது வருஷத்தில் கால் பங்கு. 1987இல் வந்த 'டக்டேல்ஸ்' முதல் சீசனே 65 பாகம். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஓடும். பிள்ளைகள் திரும்பப் பார்க்கச் சலித்துக்கொள்வதில்லை. அடுத்த வருஷம் புதிதாகப் பார்க்க இன்னொரு வயதுப் பிள்ளைகள் வந்திருப்பார்கள். டப்பிங்குக்கும் இது லாபம். ஒருமுறை பேசி வைத்த தமிழ் பல வருஷம் ஓடும். எங்கள் தெருப் பிள்ளைகள் அடுத்த வசனத்தை முன்கூட்டியே சொன்னதற்கு இதுதான் காரணம்.

ஆனால் சென்னையில் போட்ட விடுமுறை நிரல் தமிழ்நாட்டுப் பள்ளி நாட்காட்டியைப் பார்த்துப் போட்டது. செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறைக்குச் சிறப்பு நிகழ்ச்சி வரும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை ஓணத்துக்கு. அப்போது சேனலில் வழக்கமான பள்ளி நாள் நிரல்தான் ஓடும். பத்து நாள் வீட்டில் இருந்தும் அவர்களுக்கென்று ஒன்றும் கிடையாது. காலாண்டுச் சிறப்பு ஓடும்போது வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். பொங்கல் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாக அமைந்தது, பாலக்காடு உட்பட ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு அன்றைக்கு உள்ளூர் விடுமுறை விடுவதால்.

அப்புறம் கரண்ட். தெருவில் வயர் நீளமாகப் போகப் போக சிக்னல் இளைத்துவிடும். அதனால் நடுநடுவே ஆம்ப்ளிஃபையர் வைப்பார்கள். அதற்குக் கரண்ட் யாராவது ஒரு வீட்டிலிருந்து எடுப்பார்கள். கேரளத்தில் சாயங்கால அரை மணி நேரப் பவர்கட்டை முறை வைத்து ஒவ்வொரு பகுதியாக எடுப்பார்கள். ஆகவே உங்கள் வீட்டில் கரண்ட் இருக்கும், டிவி எரியும், ஆனால் ஆம்ப்ளிஃபையர் உள்ள வீட்டில் கரண்ட் இல்லாததால் திரையில் வெறும் இரைச்சல். அது முடிந்து சிக்னல் வரும்போது உங்கள் வீட்டுக்கு முறை வந்துவிடும். இப்படி ஒரு மணி நேரம் போய்விட்டால் பிள்ளைக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் 2012இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்ததைப் பார்த்தால் எங்கள் பாடு எவ்வளவோ மேல்.

2011: இரண்டு பக்கமும் தலைகீழ்

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடம் 2011இன் கடைசி மாதங்கள்.

அந்தச் செப்டம்பர் 2இல் தமிழ்நாடு அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குத் தொடங்கியது. ஏழை வீடுகளுக்கு அது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் தொடங்கிய நாட்களில் சன் குழுமத்தின் கட்டணச் சேனல்கள் அதில் இல்லை. அதனால் சுட்டி டிவியும் இல்லை. கோபாலபுரம் பக்கம் தமிழ்நாட்டுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு ஒரே இரவில் தமிழ்க் குழந்தைகள் சேனல் நின்றுபோனது. அடுத்த மாதம், அக்டோபரில், அதே சன் குழுமம் மலையாளத்தில் கொச்சு டிவியைத் தொடங்கியது. கேரளத்துக்குள் இருந்த எங்கள் வயரில் சுட்டியும் இருந்தது, கொச்சுவும் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருந்த அத்தை வீட்டுப் பிள்ளைகள் தமிழில் டோரா பார்க்க ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கேரளத்துக்குள் வந்தார்கள்.

கொச்சு டிவி வந்ததும் நாங்கள் எதிர்பார்த்தது, மலையாள வீட்டுப் பிள்ளைகள் அதோடு போய்விடுவார்கள் என்று. சின்னப் பிள்ளைகள் போனார்கள். ஏற்கனவே தமிழில் பார்த்துப் பழகியிருந்த பெரிய பிள்ளைகள் போகவில்லை. ஜாக்கி சான் தமிழில் பேசினால்தான் ஜாக்கி சான் என்றார்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைகளோ இரண்டையும் பார்த்தார்கள், ஒன்றில் விளம்பரம் வந்தால் மற்றொன்று. இந்தியாவில் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷம் வரை விளம்பரம் போடலாம் என்பது விதி. மாற்றிப் பார்க்க நேரம் தாராளமாகவே இருந்தது. அந்த நாலைந்து வருஷம் இந்தப் பகுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் கஷ்டப்படாமல் வந்ததில் அந்த ரேக்கில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த இரண்டு மாடுலேட்டர்களுக்குப் பங்கு உண்டு.

செட்டாப் பாக்ஸ்

டிஜிட்டல் மாற்றத்தின் நாலாம் கட்டத்தில் எங்கள் கிராமங்கள் வந்தன. 2016 டிசம்பர் கெடு 2017 மார்ச் 31க்குத் தள்ளிப்போனது. ரேக்கை அணைத்தார்கள். சிக்னல் பெரிய நிறுவனத்திடமிருந்து ஃபைபரில் வந்தது. ஆடியோ பொத்தான் ரிமோட்டுக்கு வந்துவிட்டது; ஒரே சேனலை ஒரு வீட்டில் தமிழிலும் அடுத்த வீட்டில் ஆங்கிலத்திலும் பார்க்கலாம். நல்ல நம்பர், கெட்ட நம்பர் என்ற ஏற்றத்தாழ்வும் போனது. பழைய டயனோராவிலும் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தது. இந்த இரண்டும் உண்மையான முன்னேற்றம்.

ஆனால் 2019 பிப்ரவரி 1இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதுக் கட்டண முறை வந்ததும் வேறொரு கதவு சாத்தியது. 100 சேனலுக்கு 130 ரூபாயும் வரியும், அதற்கு மேல் கட்டணச் சேனலைத் தனித்தனியாகவோ தொகுப்பாகவோ தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு. கேரளத்துக்கு என்று போட்ட தொகுப்பில் இயல்பாகவே மலையாளக் குழந்தைகள் சேனல் இருக்கும். தமிழ்ச் சேனலைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மாதாமாதம் காசு கூடுகிறது என்று கூலி வீடுகளில் முதலில் வெட்டியது அதைத்தான். முன்பு அண்ணன் ஒரு முறை முடிவெடுத்தால் ஊருக்கே தமிழ் வந்தது. இப்போது ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் காசு கொடுத்துத் தமிழை வாங்க வேண்டியதாயிற்று. தேர்வு செய்யும் உரிமை என்று இதைச் சொன்னார்கள். மாதக் கடைசியில் கையில் காசில்லாத வீட்டில் அந்த உரிமைக்கு என்ன மதிப்பு?

2020: அட்டவணையே பள்ளிக்கூடமானபோது

2020 ஜூன் 1இல் கேரளத்தில் பள்ளி திறக்கவில்லை. கேரள அரசின் கல்விச் சேனலான கைட் விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, ஒன்றாம் வகுப்புக்கு 10.30இலிருந்து அரை மணி நேரம், பத்தாம் வகுப்புக்கு 11 மணியிலிருந்து, அப்படியே வகுப்பு வாரியாக. குழந்தைகள் நிகழ்ச்சி நிரல் என்ற கலை அதுவரை கார்ட்டூனுக்கும் விளம்பரத்துக்கும் பயன்பட்டது. அன்றைக்கு ஒரு மாநிலத்தின் முழுப் பள்ளிக்கூடத்தையும் தாங்கியது.

எங்கள் பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். விக்டர்ஸில் வகுப்பு மலையாளத்தில். தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி தமிழில் பாடம் நடத்தியது. ஆனால் அது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். கேரளத்துத் தமிழ் வழிப் பிள்ளையின் கையில் இருப்பது கேரளப் பாடப்புத்தகத்தின் தமிழ் வடிவம். இரண்டுமே பொருந்தவில்லை. பிறகு ஆசிரியர்கள் தமிழ் வழி வகுப்புகளைத் தனியாகப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். அது பெரிய உழைப்பு. ஆனால் இணையத்தில் பார்க்க போனும் டேட்டாவும் வேண்டும். அப்பா வேலைக்குப் போனால் போனும் கூடப் போய்விடும்.

அண்ணன் அப்போது அந்த வீடியோக்களைப் பென்டிரைவில் வாங்கி வந்து லோக்கல் சேனலில் ஓட்டினார். டிஜிட்டல் ஆன பிறகும் அந்த ஒரு சேனல் மட்டும் உள்ளூர்க்காரர் கையில் மிஞ்சியிருந்தது. காலையில் கீழ் வகுப்புகள், மத்தியானத்துக்குப் பிறகு மேல் வகுப்புகள், சாயங்காலம் எல்லாம் மறு ஒளிபரப்பு. நேரத்தை ஒரு தாளில் எழுதிப் பால் சொசைட்டியிலும் ரேஷன் கடையிலும் ஒட்டினார். பின்னைப் பிடுங்கிச் சொருகி நிரல் போட்ட கை அது. எந்த வகுப்புப் பிள்ளை எப்போது டிவி முன்னால் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து மணிக்கு மேல் பத்தாம் வகுப்பை மறுபடி போட்டது, பகலில் தோப்பு வேலைக்குப் போய்த் திரும்பும் பையன்களுக்காக.

2021 நவம்பர் 1இல் பள்ளிகள் திறந்ததும் லோக்கல் சேனல் பழையபடி நகைக்கடை விளம்பரத்துக்கும் திருவிழா வீடியோவுக்கும் போய்விட்டது. அந்தச் சேனல் இன்னும் இருக்கிறது. தமிழ்த் தொகுப்பு வாங்காத வீடுகளிலும் அது வருகிறது, கூடுதல் காசு இல்லாமல். பள்ளிவிட்டு வரும் நாலரை மணியிலிருந்து ஐந்தரை வரை ஒரு மணி நேரத்தைத் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். பள்ளிகளின் தமிழ் மன்ற நிகழ்ச்சிகள் இருக்கின்றன, பிள்ளைகள் சொல்லும் கதைகள் இருக்கின்றன, ஆசிரியர்கள் பதிவு செய்த பாடங்கள் இருக்கின்றன. வேண்டியது ஒரு கேமரா போன், ஒரு பென்டிரைவ், பஞ்சாயத்துக் கல்விக் குழுவின் ஒரு கடிதம். கடிதம் வந்தால் நேரம் தருகிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். இரண்டு பள்ளிகளின் தமிழாசிரியர்களிடம் பேசியாகிவிட்டது. ஓண விடுமுறைக்கு முன்னால் தொடங்க முடிந்தால், விடுமுறை நாட்களில் காலையிலும் ஒரு மணி நேரம் சேர்க்கலாம் என்பது அவருடைய யோசனை.